இணையவழிப் பணவசூல்: எந்த நிறுவனத்தை நம்புவது?

கேள்வி: திருவண்ணாமலை ரமணாசிரமம் பகுதியில், செங்கம் சாலையை ஒட்டிய தெருவில் சிறிய கடை வைத்திருக்கிறேன். தியானத்துக்கு உட்காரும் இலவம்பஞ்சுத் திண்டு, கைத்தறிச் சால்வை, ஊதுவத்தி விற்கிறேன். கார்த்திகை தீபத்திலிருந்து மாசி வரை வெளிநாட்டவர் நிறையப் பேர் வருவார்கள். ஊர் திரும்பிய பிறகு, “இன்னும் இரண்டு அனுப்ப முடியுமா?” என்று வாட்ஸ்ஆப்பில் கேட்கிறார்கள். பணம் வாங்க வழி தெரியாமல் ஆர்டரை விட்டுவிடுகிறேன். பேமென்ட் நிறுவனங்களிலிருந்து அடிக்கடி போன் வருகிறது. யாரைத் தேர்ந்தெடுப்பது?
- வாசகி, திருவண்ணாமலை

பதில்: நிறுவனத்தை அப்புறம் பார்க்கலாம் சகோதரி. முதலில் உங்களுக்குப் பணம் தருபவர்கள் யார் யார் என்று பிரித்துப் பாருங்கள்.

கடைக்கு வரும் நம்மூர்க்காரர்களுக்கும் கிரிவலம் வருபவர்களுக்கும் கியூஆர் அட்டையே போதும். வங்கிக் கணக்கிலிருந்து யுபிஐ மூலம் வரும் பணத்துக்கு 2020 ஜனவரி முதல் வியாபாரியிடம் கட்டணம் பிடிப்பதில்லை. சென்னையிலிருந்தோ கோவையிலிருந்தோ ஆர்டர் தருபவரும் அதே வழியில் அனுப்பிவிடலாம். இந்த வசூலுக்கு மாதச் சந்தா கட்டச் சொன்னால் மறுத்துவிடுங்கள்.

உங்களுக்குப் பேமென்ட் கேட்வே, அதாவது அட்டைப் பணத்தை இணையத்தில் வசூலித்துத் தரும் சேவை, தேவைப்படுவது வெளிநாட்டு வாடிக்கையாளருக்குத்தான். எனவே போன் செய்பவரிடம் முதல் கேள்வியாக, “வெளிநாட்டு அட்டையை ஏற்க அனுமதி வாங்கித் தருவீர்களா?” என்று கேளுங்கள். ரேசர்பே, கேஷ்ஃப்ரீ, பேயூ, சிசிஅவென்யூ என்று பல பெயர்கள் உண்டு. ஆனால் கணக்குத் தொடங்கியதுமே எல்லா வியாபாரிகளுக்கும் இந்த வசதி கிடைத்துவிடாது. நாடு கடந்த பணவசூலுக்கு ரிசர்வ் வங்கி 2023 அக்டோபரில் தனி விதி வகுத்திருக்கிறது. அனுமதி பெற்ற நிறுவனங்களின் பட்டியல் ரிசர்வ் வங்கியின் இணையதளத்தில் இருக்கிறது. அதில் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். பேபால் 2021 ஏப்ரல் முதல் இந்தியாவுக்குள் நடக்கும் வசூலை நிறுத்திவிட்டது. வெளிநாட்டிலிருந்து பணம் வாங்க இன்னும் உதவும். ஆனால் கட்டணம் அதிகம், டாலரை ரூபாயாக மாற்றும் விலையிலும் ஒரு பங்கு கழியும்.

அடுத்தது கட்டணம். உள்நாட்டு கிரெடிட் கார்டுக்கு இரண்டு சதவீதத்தை ஒட்டியும், வெளிநாட்டு அட்டைக்கு மூன்று சதவீதத்தை ஒட்டியும் கேட்பார்கள். அந்தக் கட்டணத்தின் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி உண்டு. 3,000 ரூபாய் ஆர்டருக்கு மூன்று சதவீதம் என்றால் 90 ரூபாய், வரி 16 ரூபாய் 20 காசு. உங்கள் கைக்கு வருவது 2,893 ரூபாய் 80 காசு. வெளிநாட்டு விலையைப் போடும்போதே இதையும் தபால் செலவையும் சேர்த்துவிடுங்கள்.

உங்கள் வியாபாரம் சீசன் வியாபாரம். வெயில் காலத்தில் ஆசிரமத்தைச் சுற்றிக் கூட்டம் குறைந்துவிடும். ஆகவே ஆண்டுக் கட்டணமோ, அட்டை தேய்க்கும் மெஷினுக்கு மாத வாடகையோ இல்லாமல், விற்றால் மட்டும் கட்டணம் பிடிக்கும் திட்டமே உங்களுக்கு ஏற்றது. சீசனில் வசூல் திடீரென்று கூடும்போது, சந்தேகப்பட்டுப் பணத்தை நிறுத்திவைப்பதும் உண்டு. சேரும்போதே, “இந்த மாதங்களில் வசூல் கூடும்” என்று எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். பணம் எத்தனை வேலைநாளில் உங்கள் கணக்கில் சேரும் என்பதையும் எழுத்தில் வாங்குங்கள்.

அட்டைக்காரர், “பொருள் வரவில்லை” என்று தன் வங்கியில் புகார் கொடுத்தால் பணம் உங்களிடமிருந்து திரும்பப் போகலாம். அப்போது உங்களுக்குத் துணை ஆவணங்கள்தான். பார்சல் எண்ணுள்ள அஞ்சலக ரசீது, ஆர்டர் பேசிய வாட்ஸ்ஆப் உரையாடல், பொட்டலத்தின் படம் மூன்றையும் ஆர்டர் வாரியாக எடுத்து வையுங்கள்.

சேர்வதற்கு முன் பான் கார்டு, கடை பெயரில் நடப்புக் கணக்கு, உத்யம் பதிவு ஆகியவற்றைத் தயாராக வையுங்கள். வெளிநாட்டுக்குப் பொருள் அனுப்ப ஏற்றுமதி இறக்குமதிக் குறியீட்டு எண் வேண்டும். 500 ரூபாய் கட்டணத்தில் இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். ஜிஎஸ்டி விஷயத்தை உங்கள் ஆடிட்டரிடம் ஒருமுறை கேட்டுவிடுங்கள். இணையதளம் வைத்திருந்தால் முகவரி, அனுப்பும் முறை, பணம் திருப்பித் தரும் விதி மூன்றும் அதில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் விண்ணப்பம் தள்ளுபடியாகலாம். இணையதளம் இல்லையென்றால், வாட்ஸ்ஆப்பில் அனுப்பக்கூடிய பேமென்ட் லிங்க் தரும் நிறுவனமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

என் முடிவு இதுதான்: உள்ளூருக்குக் கட்டணமில்லாத யுபிஐ, வெளிநாட்டுக்கு, ரிசர்வ் வங்கியின் அனுமதியும் பேமென்ட் லிங்க் வசதியும் உள்ள, மாதச் சந்தா இல்லாத ஒரே ஒரு கேட்வே. ஐப்பசிக்குள் கணக்கைத் தொடங்கி, தெரிந்த ஒரு வாடிக்கையாளரிடம் சிறிய தொகை வாங்கிப் பாருங்கள். அது உங்கள் வங்கிக் கணக்கில் சேர்ந்த பிறகே பெரிய ஆர்டருக்குச் சம்மதம் சொல்லுங்கள்.