இலையுதிர் காலத்தில் ஜப்பானின் மலைநாடு: ஆறு நாள் பயணத்தைத் திட்டமிடும் முறை

வெளிநாட்டுப் பயணம் நம்மில் பலருக்கு ஆண்டுதோறும் வாய்ப்பதன்று. பல ஆண்டுகளின் சேமிப்பைக் கொண்டு, பெரும்பாலும் வாழ்நாளில் ஓரிரு முறையே மேற்கொள்ளப்படுவது அது. ஜப்பானின் மலைநாட்டில் இலைகள் நிறம் மாறும் காட்சியைக் காணச் செல்வோருக்கு மேலும் ஒரு சிக்கல் உண்டு. ஓரிடத்தில் அக்காட்சி நீடிப்பது ஏறத்தாழ இரண்டு வாரங்களே. முன்னதாகச் சென்றால் பச்சை இலைகளையும், பிந்திச் சென்றால் வெறுங்கிளைகளையும் கண்டு திரும்ப நேரிடும். விமானக் கட்டணமோ இரண்டிற்கும் ஒன்றே. எனவே நாளையும் வழியையும் பணத்தையும் ஒருசேர எவ்வாறு திட்டமிடுவது என்பதை இக்கட்டுரையில் படிப்படியாகக் காண்போம்.

நாளைத் தீர்மானிப்பது உயரமே

இலைகளின் நிறமாற்றத்தை ஜப்பானியர் ‘கோயோ’ என்பர். குளிர் மிகும்போது இலையிலுள்ள பச்சையம் சிதைகிறது. அதுவரை மறைந்திருந்த மஞ்சள் நிறமிகள் வெளிப்படுகின்றன. சிவப்பு நிறமியோ அப்பருவத்தில் புதிதாக உருவாவது. பகலில் நல்ல வெயிலும் இரவில் கடுங்குளிரும் அமைந்தால் சிவப்பு பொலிவு பெறும்.

உயரம் 100 மீட்டர் கூடும்போது வெப்பநிலை சராசரியாக 0.6 பாகை குறையும். அதாவது 1,000 மீட்டர் ஏறினால் 6 பாகை குறைவு. ஆகவே நிறமாற்றம் சிகரத்தில் தொடங்கி, வாரந்தோறும் கீழ்நோக்கி இறங்கி வருகிறது. நடு ஜப்பானின் ஹிதா மலைத்தொடரில் 2,000 மீட்டருக்கு மேல் செப்டம்பர் இறுதியிலும், 1,500 மீட்டர் அளவில் அக்டோபர் நடுப்பகுதி முதல் இறுதி வரையிலும், ஊர்கள் அமைந்துள்ள 500 முதல் 600 மீட்டர் அளவில் அக்டோபர் இறுதி முதல் நவம்பர் முதல் வாரத்திலும் நிறம் உச்சத்தை எட்டுவது வழக்கம்.

ஆண்டுக்கு ஆண்டு இதில் ஒரு வார அளவு மாறுதல் நேரலாம். முன்கூட்டியே உறுதி கூற யாராலும் இயலாது. இங்கே முதலீட்டில் நாம் கையாளும் பரவலாக்கல் முறையே துணை செய்யும். ஒரே உயரத்தில் ஆறு நாள்களையும் கழிக்காமல், வெவ்வேறு உயரங்களைத் தொட்டுச் செல்லும் வழியைத் தேர்ந்தால், பருவம் சற்று முந்தினாலும் பிந்தினாலும் ஏதேனும் ஓர் உயரத்தில் நிறம் நமக்காகக் காத்திருக்கும். அக்டோபர் 22 முதல் 30 வரையிலான நாள்கள் இதற்கு ஏற்றவை.

வழி: திரும்பி வராத பாதை

குறுகிய பயணத்தில் சென்ற வழியே மீள்வது நேரத்தையும் பணத்தையும் விழுங்கும். டோக்கியோவில் இறங்கி, மலையைக் குறுக்கே கடந்து, நகோயாவில் முடிக்கும் பாதையை நாம் பரிந்துரைக்கிறோம். விமானச் சீட்டையும் அதற்கேற்ப, ஒரு நகரில் இறங்கி மற்றொரு நகரில் ஏறும்படி பெற வேண்டும்.

முதல் நாள்: டோக்கியோவின் ஷின்ஜுகு நிலையத்திலிருந்து ‘அசுசா’ விரைவு இரயிலில் ஏறத்தாழ இரண்டே முக்கால் மணி நேரத்தில் மட்சுமோட்டோவை அடையலாம். 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுந்த கருநிறக் கோட்டை இங்கு உள்ளது. வெளியே ஐந்தடுக்காகத் தோன்றும் அதன் கோபுரத்தில் உள்ளே ஆறு தளங்கள். படிகள் மிகச் செங்குத்தானவை. முழங்கால் வலி உடையோர் அகழிக்கரையிலிருந்து கண்டு மகிழலாம்.

இரண்டாம் நாள்: கமிகோச்சி. சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் அமைந்த இப்பள்ளத்தாக்கிற்குள் தனியார் மகிழுந்துகளுக்கு அனுமதி இல்லை. பேருந்திலோ வாடகை வண்டியிலோதான் செல்ல இயலும். 1915ஆம் ஆண்டு யாகெ எரிமலை வெடித்தபோது ஆறு தடுக்கப்பட்டுத் தோன்றிய தைஷோ ஏரியிலிருந்து கப்பா பாலம் வரை ஏறத்தாழ ஒரு மணி நேரச் சமதள நடை. முதியோருக்கும் ஏற்றது. இங்குள்ள கராமாட்சு மரம் ஊசியிலை மரமாயினும் இலை உதிர்ப்பது. அக்டோபர் பிற்பகுதியில் பொன்னிறம் கொள்வது. கமிகோச்சி நவம்பர் 15 அன்று குளிர்காலத்திற்காக மூடப்படும். மாலையில் பேருந்து நிலையத்திற்குத் திரும்பி, அரைமணி நேரத் தொலைவிலுள்ள ஹிராயு வெந்நீரூற்று ஊரில் தங்கலாம்.

மூன்றாம் நாள்: ஷின்ஹோதகா கம்பிவட ஊர்தி 2,156 மீட்டர் உயரத்திற்கு நம்மை ஏற்றிச் செல்லும். இந்நாள்களில் உச்சியில் இலைகள் உதிர்ந்திருக்கும். ஆயின் இடைச்சரிவுகளில் நிறமும், எதிரேயுள்ள 3,000 மீட்டர் சிகரங்களில் சில ஆண்டுகளில் முதற்பனியும் ஒரே பார்வையில் கிட்டும். பின்னர் பேருந்தில் தகயாமா சென்று மூன்று இரவுகள் தங்கலாம்.

நான்காம் நாள்: தகயாமா மரத்தொழிலுக்குப் பெயர் பெற்ற ஊர். எட்டாம் நூற்றாண்டில் ஹிதா நாட்டினர் அரசுக்குரிய வரிகளுக்கு ஈடாகத் தச்சர்களைத் தலைநகருக்கு அனுப்பினர் என்பது வரலாறு. உழைப்பே வரியாக ஏற்கப்பட்ட அந்நாட்டின் கைத்திறனைச் சன்மாச்சி வீதியின் பழைய மரவீடுகளில் இன்றும் காணலாம். அக்டோபர் 9, 10 ஆகிய நாள்களில் இங்கு தேர்த்திருவிழா நடைபெறும். அவ்விரு நாள்களில் தங்குமிடம் கிடைப்பது மிக அரிது. நாம் குறித்த நாள்கள் அதனைத் தவிர்க்கின்றன.

ஐந்தாம் நாள்: 50 நிமிடப் பேருந்துப் பயணத்தில் ஷிரகவாகோ. 1995இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவிக்கப்பட்ட சிற்றூர் இது. பனி வழுக்கி விழுமாறு ஏறத்தாழ 60 பாகை சாய்வுடன் அமைந்த இதன் வைக்கோற் கூரைகள், கூப்பிய கைகளை ஒத்திருப்பதால் ‘கஷ்ஷோ’ எனப் பெயர் பெற்றன. முப்பது நாற்பது ஆண்டுகளுக்கு ஒருமுறை கூரையை மாற்ற வேண்டும். ஒரு குடும்பத்தால் தனித்து இயலாத அப்பணியை ‘யுயி’ என்னும் முறையில் ஊரார் கூடிச் செய்தனர். இன்று உன் கூரைக்கு நான் தரும் உழைப்பு, நாளை என் கூரைக்குத் திரும்பி வரும். வட்டியில்லாக் கூட்டுச் சேமிப்பு என்றே இதனைக் கூறலாம்.

ஆறாம் நாள்: ‘ஹிதா’ விரைவு இரயிலில் ஏறத்தாழ இரண்டரை மணி நேரத்தில் நகோயா. இவ்விருப்புப்பாதை ஆற்றுப் பள்ளத்தாக்குகளை ஒட்டியே இறங்குவதால், இப்பயணமும் ஒரு காட்சியே.

கால அட்டவணையின் கண்டிப்பு

அக்டோபர் இறுதியில் மாலை ஐந்து மணி அளவில் கதிரவன் மறைந்துவிடும். மலைவழிப் பேருந்துகள் குறைவு. கடைசிப் பேருந்தும் மாலையிலேயே புறப்பட்டுவிடும். அதைத் தவறவிட்டால் வாடகை வண்டிக்கு ஒரு நாள் செலவு முழுவதும் கரைந்துபோகலாம். ஆகவே ஒவ்வொரு நாளும் முதலில் குறிக்க வேண்டியது திரும்பும் பேருந்தின் நேரம். அதிலிருந்து பின்னோக்கி மற்றவற்றை அமைக்க வேண்டும். குடும்பத்தில் மெதுவாக நடப்பவர் எவரோ அவருடைய நடையே கணக்கின் அளவுகோல்.

ஜப்பான் இரயில் முன்பதிவு பயண நாளுக்குச் சரியாக ஒரு மாதம் முன்னர் தொடங்கும். நாடு முழுவதற்குமான ஏழு நாள் இரயில் அனுமதிச் சீட்டு 2023 அக்டோபரில் 29,650 யென்னிலிருந்து 50,000 யென்னாக உயர்ந்தது. மேற்கண்ட வழிக்கு அது இலாபம் தராது; தனித்தனிச் சீட்டுகளே சிக்கனம். பெரிய பெட்டிகளை ‘தக்யூபின்’ என்னும் அஞ்சற்சுமைச் சேவை வழியாக மட்சுமோட்டோவிலிருந்து தகயாமா விடுதிக்கு முன்னரே அனுப்பிவிட்டு, இரண்டு நாள்களுக்கான கைப்பையுடன் மலையேறுவது நன்று.

சைவ உணவினர்க்கு ஒரு குறிப்பு. காய்கறிச் சாற்றிலும் மீன் சேர்ந்த ‘தாஷி’ கலந்திருப்பது பொதுவழக்கு. விடுதியில் பதிவு செய்யும்போதே எழுத்தில் தெரிவிக்க வேண்டும். ஹிராயு போன்ற சிற்றூர்களில் அன்று மாலை கேட்டால் மாற்று உணவு கிடைப்பது கடினம்.

பணத்தைத் திட்டமிடல்

செலவை மூன்றாகப் பிரிப்போம்: ரூபாயில் முன்கூட்டியே செலுத்துவன, அதாவது விமானம், விசா, காப்பீடு, பயணத்திற்கு முன் யென் மதிப்பில் உறுதியாவன, அதாவது விடுதி, இரயில், அங்கே அன்றாடம் செலவாவன.

இருவருக்கான மொத்தச் செலவு 4,80,000 ரூபாய் எனக் கணித்ததாகக் கொள்வோம். 24 மாதத் தொடர் வைப்பில் மாதம் 20,000 ரூபாய் செலுத்தினால், வட்டி நீங்கலாகவே அத்தொகை சேரும். அது ஜூன் மாதத்தில் முதிர்வடையுமாறு தொடங்குதல் வேண்டும். விமானச் சீட்டும் விடுதியும் பதிவு செய்ய வேண்டிய காலம் அதுவே.

யென் விகிதம் நம் நாட்டில் 100 யென்னுக்கு இத்தனை ரூபாய் எனக் குறிக்கப்படும். ஒருவருக்கு நாளொன்றுக்கு 9,000 யென் வீதம், இருவருக்கு ஆறு நாள்களுக்கு 1,08,000 யென். 100 யென் 60 ரூபாய் எனக் கொண்டால் 64,800 ரூபாய். அது 66 ஆக உயர்ந்தால் 71,280 ரூபாய். வேறுபாடு 6,480 ரூபாய். எனவே திட்டத்தொகையில் பத்து விழுக்காடு கூடுதலாக ஒதுக்கி வைப்பதும், அந்நியச் செலாவணி அட்டையில் இரண்டு மூன்று தவணைகளாக யென் ஏற்றுவதும் விவேகம்.

விதிகளுள் சிலவற்றை நினைவிற்கொள்வோம்:

1. தாராளப் பணம் அனுப்பும் திட்டத்தின்கீழ் ஒருவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 அமெரிக்க டாலர் வரை பயன்படுத்தலாம். இவ்வகைப் பயணத்தில் ரொக்கத் தாளாகப் பெறத்தக்கது பயணம் ஒன்றிற்கு 3,000 டாலருக்கு நிகரான தொகை. எஞ்சியதை அட்டையில் பெறலாம்.

2. நாமே ஏற்பாடு செய்யும் பயணத்திற்குப் பெறும் செலாவணியில், மூலத்தில் வசூலிக்கப்படும் வரிக்கான வரம்பு 2025 ஏப்ரல் 1 முதல் 7 இலட்சத்திலிருந்து 10 இலட்சம் ரூபாயாக உயர்த்தப்பட்டது. சுற்றுலாத் தொகுப்புகளுக்கு விதி வேறு. பணம் கட்டுமுன் நடப்பு விகிதத்தைக் கேட்டறிக. இவ்வரி இழப்பன்று, வருமான வரிக் கணக்கில் ஈடு செய்துகொள்ளலாம்.

3. நம் அட்டைகளில் வெளிநாட்டுப் பயன்பாடு தானாகத் திறந்திருப்பதில்லை. புறப்படுமுன் கைப்பேசிச் செயலி வழியாகத் திறந்து, உச்சவரம்பும் வைக்க வேண்டும்.

4. அங்குள்ள கடைகளில் ரூபாயிலா யென்னிலா எனக் கேட்டால் யென்னையே தேர்க. ரூபாயைத் தேர்ந்தால் மாற்று விகிதத்தைக் கடைக்காரர் தரப்பு தீர்மானிக்கும்; அது பெரும்பாலும் நமக்குக் கூடுதற் செலவே.

5. மலையூர்ப் பேருந்துகளிலும் சிறு கடைகளிலும் ரொக்கமே எளிது. செவன் இலெவன் கடைகளிலும் அஞ்சலகங்களிலும் உள்ள பணம் வழங்கும் இயந்திரங்கள் வெளிநாட்டு அட்டைகளை ஏற்கும். மலையேறுமுன் மட்சுமோட்டோவிலேயே பணம் எடுத்துவிடுக.

6. எஞ்சிய செலாவணியைத் திரும்பிய 180 நாள்களுக்குள் ஒப்படைக்க வேண்டும். 2,000 டாலருக்கு நிகரான அளவை வைத்துக்கொள்ளலாம்.

செயற்குறிப்பு

ஜூனில் விமானமும் விடுதியும். ஆகஸ்டில் காப்பீடும் வங்கிக் கணக்கு அறிக்கை முதலிய ஆவணங்களும். செப்டம்பர் தொடக்கத்தில் விசா விண்ணப்பம். செப்டம்பர் இறுதியில் இரயிலும் பேருந்தும். புறப்படும் வாரத்தில் அட்டைச் சரிபார்ப்பு. ஜப்பானிய விசா வழங்கிய நாளிலிருந்து மூன்று மாதங்களே செல்லும். ஆதலால் மிக முன்னதாக விண்ணப்பித்தல் கூடாது. இவ்வட்டவணையை ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே குடும்பத்தில் பொறுப்பேற்பவரின் பெயரைக் குறித்துக்கொள்வோமாயின், இரண்டு ஆண்டுச் சேமிப்பு இரண்டு வாரப் பருவத்தைத் தவறாமல் சென்றடையும்.