மேடை வேண்டாம், மேசை போடு

அன்புள்ள தங்கைக்கு,

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் மண்டபம் எடுத்து, சொந்தமாகக் கணினி விளையாட்டு செய்யும் இளைஞர்களின் படைப்புகளைக் காட்சிக்கு வைக்கப்போகிறாய். நீ அனுப்பிய நிகழ்ச்சி நிரலைப் படித்தேன். குத்துவிளக்கு, வரவேற்புரை, தலைமையுரை, சிறப்பு விருந்தினர் உரை, பொன்னாடை, நினைவுப் பரிசு. விளையாட்டுகளுக்கு மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கொஞ்ச நேரம். நம் ஊரில் கூட்டம் நடத்துகிறவர்களுக்கு இது கைவந்த வரிசைதான்; ஆனால் இந்தக் கலைக்கு ஒத்துவராது. விளையாட்டைப் பற்றி எவ்வளவு பேசினாலும் ஆடிப் பார்க்காமல் அது விளங்காது. முன்பின் தெரியாத ஒருவர் கையில் கொடுத்தால் அது என்ன ஆகிறது என்று பார்க்கத்தான் இந்த மண்டபம்.

அதற்கு பிரிக்பீல்ட்ஸ் தோதான இடம். அரசு நிறுவனமான எம்டெக் நடத்தும் லெவல் அப் கேஎல் போன்ற விளையாட்டுத் துறை நிகழ்வுகளில் முதலீட்டாளர்களையும் வெளியீட்டாளர்களையும் சந்திக்கலாம். அதற்கு அவை வேண்டும். ஆனால் அங்கே வருகிறவர்களில் பலர் இந்தத் தொழிலிலேயே ஊறியவர்கள். துன் சம்பந்தன் சாலைக்குப் புடவை வாங்க வந்த அத்தைக்கு எந்த விசையை அழுத்தினால் பாத்திரம் நடக்கும் என்று தெரியாது. அவர் தடுமாறுகிற இடத்தில்தான் விளையாட்டு வடிவமைப்பின் ஓட்டை தெரியும். கிள்ளான்காரர்களும் கொமியூட்டர் ரயில் ஏறி கேஎல் சென்ட்ரலில் இறங்கினால் நடந்தே வந்துவிடலாம். தீபாவளிக்கு முந்தைய வாரங்களை மட்டும் தவிர்த்துவிடு. அந்தப் பக்கம் கால் வைக்க இடமிருக்காது.

யார் கையில் கொடுக்கிறோம் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு: டொராண்டோவில் உருவான 'வெண்பா' என்ற கணினி விளையாட்டு 2023இல் வெளிவந்தது. கனடாவில் குடியேறிய தமிழ்க் குடும்பத்தின் கதை அது. 2024இல் சிறந்த அறிமுக விளையாட்டுக்கான பாஃப்டா விருது பெற்றது. அதில் இட்லி அவிக்க வேண்டும். சமையல் குறிப்பேடு கிழிந்து கிடக்கும். தட்டுகளை எப்படி அடுக்கினால் ஆவி மேலே ஏறும் என்று ஆடுகிறவரே கண்டுபிடிக்க வேண்டும். நமக்கு அது அடுப்படி வேலை. இட்லிச் சட்டியைக் கண்ணால் பார்த்திராத ஒருவர் அந்த இடத்தைக் கடப்பாரா என்பதை வீட்டில் உட்கார்ந்து ஊகிக்க முடியாது. ஆகவே நம் ஆட்களோடு நிறுத்திவிடாதே. மலாய், சீன நண்பர்களையும் கூப்பிடு.

பெரியவர்களை அழைக்காதே என்று சொல்லவில்லை. 'நோ ஸ்ட்ரெயிட் ரோட்ஸ்' (2020), 'கீகாபாஷ்' (2022) ஆகிய இரண்டு விளையாட்டுகளையும் உருவாக்கியவர்கள் நம் கிள்ளான் பள்ளத்தாக்குக்காரர்கள்தான். அப்படிப்பட்டவர்கள் வந்தால் மைக்கை நீட்டாதே, ஒரு விளையாட்டின் முன்னால் உட்கார வை. அனுபவசாலி ஒருவர் கால் மணி நேரம் ஆடிவிட்டுச் சொல்லும் இரண்டு வாக்கியம், அரை மணி நேரச் சிறப்புரையைவிடப் பயன்படும்.

மலேசியப் பார்வையற்றோர் சங்கம் இருப்பதும் பிரிக்பீல்ட்ஸில்தான். வெள்ளைக் கோலோடு நடப்பவர்களை அந்தத் தெருக்களில் தினமும் பார்க்கிறோம். நம் விளையாட்டுகளுக்குள் மட்டும் அவர்களுக்கு இடமில்லை. மலேசியர் ஒருவர் தொடங்கிய செவன்த் பீட் கேம்ஸின் 'ரிதம் டாக்டர்' விளையாட்டில், தாளத்தை எண்ணி ஏழாவது தட்டில் ஒரே ஒரு விசையை அழுத்த வேண்டும். காதை நம்பி ஆடும் விளையாட்டு. அந்த வகையைச் செய்கிறவர்களுக்கு ஒரு மேசை ஒதுக்கு. அக்கம்பக்கத்துப் பார்வையற்றோரை முறைப்படி அழைத்து, அவர்கள் நேரத்துக்கு உரிய பணத்தையும் கொடு.

இனி வேலைக்கு வருவோம். முதலில் மின்சாரம். நம் சுவர்ப் பிளக் 13 ஆம்பியர். 230 வோல்ட்டில் ஏறக்குறைய 3,000 வாட் தாங்கும். திரையோடு சேர்த்து 500 வாட் இழுக்கும் கணினி என்றால் ஒரு பிளக்குக்கு நான்கோடு நிறுத்திக்கொள். எக்ஸ்டென்ஷன் மேல் எக்ஸ்டென்ஷன் சொருகவே கூடாது. தேநீர்க் கெண்டியை வேறு சுவருக்கு அனுப்பிவிடு. மேசைக்கு ஒரு ஹெட்போன் கட்டாயம். பத்து விளையாட்டின் இசையும் ஒரே மண்டபத்தில் ஒலித்தால் ஒன்றும் கேட்காது. டெமோ பத்து நிமிடத்துக்குள் முடியட்டும். யாரும் தொடாமல் ஒரு நிமிடம் கிடந்தால் விளையாட்டு தானே முதல் திரைக்குத் திரும்ப வேண்டும். இல்லாவிட்டால் அடுத்தவர் முந்தியவர் விட்ட பாதியில் விழித்துக்கொண்டு நிற்பார்.

மேசைக்காரர்களிடம் கட்டணம் வாங்காதே. ஸ்டீம் இணையக் கடையில் ஒரு விளையாட்டைப் பதியவே 100 அமெரிக்க டாலர் கட்ட வேண்டியவர்கள் அவர்கள்.

செய்தவர் அங்கே வாய் திறக்கக் கூடாது. இதுதான் கடினம். ஆடுகிறவர் தவறான கதவை மூன்றாம் முறை தட்டும்போது, "அது இல்ல, இந்தப் பக்கம்" என்று சொல்ல நாக்கு துடிக்கும். சொல்லிவிட்டால் அந்தப் பிழை கடைசி வரை உள்ளேயே இருக்கும். விளையாட்டை வாங்கியவர் வீட்டில் செய்தவரின் குரல் இருக்காது. ஒவ்வொரு மேசையிலும் வேறொரு நண்பரை ஏட்டோடு உட்கார வை. எங்கே நின்றார், எங்கே சிரித்தார், எப்போது கைப்பேசியை எடுத்தார் என்று அவர் குறிக்கட்டும். "எப்படி இருந்தது?" என்று கேட்டால் நம் மக்கள் மரியாதைக்கு "நல்லா இருக்கு" என்பார்கள். அதை நம்பாதே, ஏட்டை நம்பு.

அந்த ஏடுகளை ஒரு வாரத்துக்குள் உரியவர்களிடம் சேர்த்துவிடு. மண்டபத்தைப் பூட்டுவதற்குள் அடுத்த தேதியையும் அறிவித்துவிடு, கிள்ளானில் வைத்தாலும் சரி. திருத்திய விளையாட்டை மறுபடி கொண்டுவர ஒரு நாள் தெரிந்தால்தான் பையன்கள் திருத்துவார்கள். ஆண்டுக்கு ஒரு பெருவிழாவைவிட மூன்று மாதத்துக்கு ஒரு முறை பத்து மேசை போடுவது மேல்.

அன்புடன்,
அண்ணன்