ஜெர்மனிக்குக் குடிபோகிறீர்களா? விசா முதல் குடியிருப்பு அட்டை வரை 20 குறிப்புகள்

கணவருக்கு ஜெர்மனியில் வேலை கிடைத்து, பிள்ளைகளோடு பின்னால் கிளம்பும் தோழிகள் போனில் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, "ஏஜென்ட் வைக்கணுமாக்கா?" என்பதுதான். வேண்டவே வேண்டாம். காகிதங்களை ஒழுங்காக அடுக்கவும், தேதியைக் காலண்டரில் குறித்து வைக்கவும் தெரிந்தவர்களுக்கு இது நாமே செய்துகொள்ளக்கூடிய வேலை. நாங்கள் செய்து பார்த்ததை எல்லாம் இங்கே சொல்கிறேன்.

1. முதலில் பாஸ்போர்ட்டை எடுத்து, பெயர் எப்படி இருக்கிறது என்று பாருங்கள். நம்மில் பலருக்கு 'சர்நேம்' கட்டம் காலியாக இருக்கும். பெயரும் அப்பா பெயரும் ஒரே கட்டத்தில் சேர்ந்து நிற்கும். ஜெர்மனியில் குடும்பப் பெயர் இல்லாமல் எந்தப் படிவமும் நகராது. ஒரு அலுவலகத்தில் முழுப் பெயரையும் குடும்பப் பெயராக ஏற்றிவிடுவார்கள், இன்னொரு இடத்தில் அப்பா பெயர் உங்கள் பெயராகிவிடும். பாஸ்போர்ட் புதுப்பிக்கும் காலம் நெருங்கியிருந்தால், இரண்டு கட்டத்தையும் நிரப்பி வாங்கிவிட்டு அப்புறம் விசா வேலையைத் தொடங்குங்கள்.

2. பாஸ்போர்ட், திருமணச் சான்றிதழ், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ் மூன்றையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஆங்கிலப் பெயரை எழுத்து எழுத்தாக விரல் வைத்துப் படியுங்கள். ஒன்றில் 'எச்' கூடியிருக்கும், ஒன்றில் இனிஷியல் முன்னால் இருக்கும், இன்னொன்றில் பின்னால் போயிருக்கும். ஊரில் இருக்கும்போது திருத்துவது சுலபம்; ஃபிராங்க்ஃபர்ட்டில் உட்கார்ந்துகொண்டு மாமனாரை சார்பதிவாளர் அலுவலகத்துக்கு அலையவிடுவது பாவம்.

3. கல்யாணப் பத்திரிகையும் மண்டப ரசீதும் விசாவுக்கு உதவாது. தமிழ்நாட்டில் 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி எல்லாத் திருமணங்களையும் பதிவு செய்தே ஆகவேண்டும். மாப்பிள்ளை விமானம் ஏறும் முன்பே இருவரும் சேர்ந்து போய்ப் பதிந்துவிடுங்கள், பிறகு அதற்காகவே லீவு போட்டு வரவேண்டி இருக்காது.

4. குடியிருப்பு அனுமதியைப் பாஸ்போர்ட் காலாவதியாகும் தேதியைத் தாண்டிக் கொடுக்கமாட்டார்கள். இன்னும் ஒரு வருஷம்தான் பாக்கி என்றால் ஊரிலேயே புதுப்பித்துக்கொண்டு போங்கள். இல்லாவிட்டால் அட்டைக்கு ஒரு தடவை, புது பாஸ்போர்ட் வந்ததும் இன்னொரு தடவை என்று இரட்டைச் செலவு.

5. வேலை, படிப்பு, குடும்பத்தோடு சேர்வது ஆகியவற்றுக்கான நீண்டகால விசாவுக்கு இப்போது ஜெர்மன் வெளியுறவுத் துறையின் கான்சுலர் சர்வீசஸ் போர்ட்டலில் இணையவழியாகவே விண்ணப்பிக்கலாம். காகிதங்களைப் பகல் வெளிச்சத்தில், ஜன்னல் ஓரமாகத் தரையில் விரித்துப் போனில் ஸ்கேன் செய்தால் நிழல் விழாது. ஒவ்வொரு கோப்புக்கும் பெயரும் என்ன சான்றிதழ் என்பதும் தெரியும்படி தலைப்பு வையுங்கள். முத்திரை இருக்கும் பின்பக்கத்தை விட்டுவிடாதீர்கள், நிறையப் பேர் விடுவது அதைத்தான்.

6. விசாக் கட்டணம் பெரியவர்களுக்கு 75 யூரோ, 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு அதில் பாதி, 37.50. யாராவது இதற்கு மேல் 'பிராசஸிங்' என்று பெரிய தொகை கேட்டால் எதற்கு என்று விவரம் கேளுங்கள். படிவம் நிரப்பத்தான் என்றால் நாமே நிரப்பிக்கொள்ளலாம்.

7. மனைவியாகப் போகிறவர்களுக்குப் பொதுவாக ஏ1 ஜெர்மன் தேர்வு வேண்டும். ஆனால் கணவர் கையில் இருப்பது ஐரோப்பிய ப்ளூ கார்டு என்றால் அந்தச் சான்றிதழ் தேவையில்லை. கோர்ஸுக்குப் பணம் கட்டும் முன் அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வேண்டியவர்களுக்குச் சென்னை நுங்கம்பாக்கத்தில் மாக்ஸ் முல்லர் பவன் இருக்கிறது. கட்டாயம் இல்லாவிட்டாலும் எண்களையும் கிழமைகளையும் கற்றுக்கொண்டு போங்கள், அலுவலகத்தில் நம் முறை வரும்போது எண் சொல்லித்தான் கூப்பிடுவார்கள்.

8. உங்களுக்கும் அங்கே வேலை பார்க்கும் எண்ணம் இருந்தால், 'அனாபின்' என்ற அரசுத் தளத்தில் உங்கள் பல்கலைக்கழகத்துக்கு, அங்கீகாரத்தைக் குறிக்கும் எச்-பிளஸ் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். கல்லூரிப் பெயரைத் தேடிக் கிடைக்கவில்லை என்று கலங்கவேண்டாம். பட்டம் கொடுத்த பல்கலைக்கழகத்தின் பெயரில் தேடவேண்டும். கிடைத்த பக்கத்தை அன்றே பிரிண்ட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

9. ஃபைலை அஞ்சறைப் பெட்டி மாதிரி பிரித்துக்கொள்ளுங்கள்: அடையாளம், திருமணம், பிள்ளைகள், படிப்பு, பணம். எந்தக் காகிதம் கேட்டாலும் கண்ணை மூடிக்கொண்டு கை அங்கே போகவேண்டும். ஜெர்மனியில் எல்லாமே இரண்டு ஓட்டை போட்ட ஃபைலில்தான் போகும். ஒரிஜினலில் மட்டும் ஓட்டை போட்டுவிடாதீர்கள், பிளாஸ்டிக் உறையில் போட்டு உறையைக் கோர்த்துக்கொள்ளுங்கள்.

10. ஜெராக்ஸை ஊரிலேயே மூன்று செட் எடுத்துவிடுங்கள். ரூபாய்க் கணக்கில் முடிகிற வேலைக்கு அங்கே யூரோ போகும், கடையைத் தேடி நடக்கவும் வேண்டும். பழைய சான்றிதழ்கள் லீகல் சைஸில் இருக்கும். அவற்றை ஏ4 அளவுக்குச் சுருக்கி எடுத்தால் அங்கே உள்ள ஃபைலில் மடங்காமல் இருக்கும்.

11. பயண இன்சூரன்ஸ் எடுக்கும்போது தொடங்கும் தேதியை மாற்றிக்கொள்ள வசதி உள்ளதாகப் பார்த்து எடுங்கள், விசா தள்ளிப்போனால் பணம் வீணாகாது. கணவர் அரசு மருத்துவக் காப்பீட்டில் இருந்தால், சம்பாதிக்காத மனைவியையும் பிள்ளைகளையும் கூடுதல் கட்டணம் இல்லாமலே அதில் சேர்க்கலாம். போய்ச் சேர்ந்த வாரமே சேர்த்துவிடுங்கள்.

12. வீடு பார்க்கும்போது வாடகைக்கு முன்னால் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு: "குடிவந்ததற்கான சான்று கையெழுத்துப் போட்டுத் தருவீர்களா?" வோனுங்ஸ்கேபர்பெஸ்டேட்டிகுங் என்று அதற்கு நீளமான பெயர். அது இல்லாமல் முகவரிப் பதிவு கிடையாது, முகவரிப் பதிவு இல்லாமல் குடியிருப்பு அட்டையும் கிடையாது. கையெழுத்துத் தராத வீடு எவ்வளவு மலிவாக இருந்தாலும் நமக்கு நஷ்டம்தான்.

13. குடிபுகுந்த இரண்டு வாரத்துக்குள் அன்மெல்டுங், அதாவது முகவரிப் பதிவு, முடிந்திருக்கவேண்டும். எல்லோருடைய பாஸ்போர்ட், பிறப்பு, திருமணச் சான்றிதழ்களையும் ஒரே தடவையில் எடுத்துப்போனால் குடும்பம் முழுவதுக்கும் ஒரே நாளில் முடியும். சில ஊர்களில் ஜெர்மன் மொழிபெயர்ப்பு கேட்பார்கள். நீதிமன்றத்தில் உறுதிமொழி எடுத்த மொழிபெயர்ப்பாளர் செய்தால்தான் செல்லும் என்பதால், முன்கூட்டியே மெயில் போட்டுக் கேட்டுவிட்டு வேண்டியதை மட்டும் மொழிபெயர்க்கக் கொடுங்கள்.

14. தபால்பெட்டியில் உடனே உங்கள் பெயரை ஒட்டுங்கள். இதை நான் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். அங்கே தபால்காரர் கதவு எண் பார்ப்பதில்லை, பெயரைத்தான் பார்ப்பார். எங்கள் பெட்டியில் கணவர் பெயர் மட்டும் இருந்தது. எனக்கு வந்த கடிதம் "இந்த முகவரியில் இப்படி ஒருவர் இல்லை" என்று திரும்பிப் போனது. அதில் இருந்தது நான் மாதக்கணக்கில் காத்திருந்த அப்பாயிண்ட்மெண்ட் தேதி. அன்று மாலையே மகளின் நோட்டு லேபிளில் எங்கள் நான்கு பேர் பெயரையும் கொட்டை எழுத்தில் எழுதி, மேலே செலோடேப் ஒட்டினேன். பாஸ்போர்ட்டில் பெயர் எப்படி இருக்கிறதோ அப்படியே எழுதுங்கள்.

15. முகவரிப் பதிவு முடிந்ததும் 11 இலக்க வரி எண் தானாகத் தபாலில் வந்துவிடும், யாருக்கும் பணம் கொடுக்கவேண்டாம். வானொலி தொலைக்காட்சிக் கட்டணக் கடிதமும் வரும். அது மாதம் 18.36 யூரோ, வீட்டுக்கு ஒன்றுதான். கணவர் ஏற்கெனவே கட்டிக்கொண்டிருந்தால், உங்கள் பெயருக்கு வரும் கடிதத்துக்கு அவருடைய கணக்கு எண்ணை எழுதிப் பதில் போட்டால் போதும்.

16. வெளிநாட்டவர் அலுவலகத்தில் 'டெர்மீன்', அதாவது நேரம், கிடைப்பதுதான் பெரிய பாடு. விசா முத்திரை விழுந்த அன்றே கணவரை அங்கே முயற்சி செய்யச் சொல்லுங்கள். யாராவது ரத்து செய்த நேரங்கள் திடீரென்று இணையத்தில் தலைகாட்டும், அதனால் காலையில் காபி கலக்கும்போது ஒரு தடவை, இரவு படுக்கும் முன் ஒரு தடவை பாருங்கள். காலியிடம் பிடித்துத் தருகிறேன் என்று காசு கேட்பவர்களை நம்பாதீர்கள்.

17. நேரம் கிடைக்கவில்லையே என்று கையைக் கட்டிக்கொண்டு உட்காரக்கூடாது. விசா முடியும் தேதிக்கு முன்பே விண்ணப்பத்தை அனுப்பி, அனுப்பியதற்கான அத்தாட்சியை வைத்துக்கொள்ளவேண்டும். முன்கூட்டியே விண்ணப்பித்தவர்களுக்கு, முடிவு வரும்வரை இருக்கிற உரிமை தொடரும். அதற்கு ஃபிக்ட்ஸியோன்ஸ்பெஷைனிகுங் என்று ஒரு தாள் தருவார்கள். அதில் குடியிருப்புச் சட்டம் 81-ஆம் பிரிவின் எந்த உட்பிரிவில் டிக் போட்டிருக்கிறது என்று பாருங்கள்: நான்காவது என்றால் ஊருக்குப் போய்த் திரும்பலாம், மூன்றாவது என்றால் அதை நம்பி டிக்கெட் போடாதீர்கள்.

18. அட்டைக்கென்று ஊரில் இருந்து டஜன் கணக்கில் போட்டோ எடுத்துப் போகவேண்டாம். 2025 மே 1 முதல் அங்கே டிஜிட்டல் போட்டோதான். அலுவலக மெஷினிலேயே எடுத்தால் 6 யூரோ. முதல் அட்டைக்குப் பெரியவர்களுக்கு 100 யூரோ வரை ஆகும். சில இடங்களில் நம் கிரெடிட் கார்டு செல்லாது, ஜெர்மன் பேங்க் கார்டும் கொஞ்சம் ரொக்கமும் இரண்டும் கையில் இருக்கட்டும்.

19. கடிதம் புரியவில்லை என்றால் வக்கீலிடம் ஓடும் முன் காரிட்டாஸ், டியாகோனி, ஆவோ போன்ற அமைப்புகளின் குடியேறியோர் ஆலோசனை மையத்துக்குப் போங்கள். அரசு உதவியில் நடப்பதால் கட்டணம் இல்லை. நான் ஒரு கட்டுக் கடிதத்தோடு போனேன். அங்கிருந்த அம்மா மூன்றை மட்டும் எடுத்து வைத்துவிட்டு, மற்றதெல்லாம் வெறும் தகவல்தான் என்று சிரித்துக்கொண்டே திருப்பிக் கொடுத்தார். அட்டை கைக்கு வந்ததும் 'எர்வெர்ப்ஸ்டேட்டிக்கைட் எர்லவுப்ட்' என்ற வரி இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். வேலை பார்க்க அனுமதி உண்டு என்று அர்த்தம். முதல் நாள் வேலைக்குச் சேரும்போது கேட்பதே அந்த வரியைத்தான்.

20. கடைசியாக, தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போக நினைக்கும் பெண்களுக்கு. பொதுவாக ஆறு மாதத்துக்கு மேல் ஜெர்மனிக்கு வெளியே இருந்தால் குடியிருப்பு அனுமதி தானாகவே ரத்தாகிவிடும். ப்ளூ கார்டு குடும்பங்களுக்கு 12 மாதம். ஏழாம் மாதம் கிளம்பி, குழந்தைக்கு மூன்று மாதம் ஆனதும் திரும்பலாம் என்று நாள் எண்ணினால் கணக்கு ஆறு மாதத்தை ஒட்டிவிடும், குழந்தையின் பாஸ்போர்ட்டுக்கும் விசாவுக்கும் ஆகும் நாள் தனி. அதனால் கிளம்பும் முன்பே வெளிநாட்டவர் அலுவலகத்துக்கு எழுதி, கூடுதல் காலத்துக்கு அனுமதிக் கடிதம் வாங்கிக்கொண்ட பிறகு டிக்கெட் போடுங்கள்.