கண்டிஷனல் ஆஃபர் கையில வந்தாச்சு, இப்ப வேலையை விடலாமா?

நம்ம என்.ஆர்.ஐ. வரிசையைப் பார்க்கிற, அமெரிக்கக் குடியுரிமை உள்ள சில தமிழ் இளைஞர்கள் கேட்ட கேள்வி இது. "எஃப்.பி.ஐ.ல அக்கவுண்டிங் வேலைக்கு கண்டிஷனல் ஆஃபர் வந்திருக்கு. இப்ப இருக்கற கம்பெனில பேப்பர் போட்டுடலாமா?"

போடாதீங்க. ஃபைனல் ஆஃபரும் ஜாயினிங் தேதியும் எழுத்துல வர்ற வரைக்கும் பழைய வேலைதான் உங்க வேலை. ஏன்னு விவரமா சொல்றேன்.

முதல்ல ஒரு விஷயம். நாம பேசறது துப்பாக்கி வைத்திருக்கிற ஏஜென்ட் வேலையைப் பற்றி இல்ல. கணக்கு, டேட்டா, ஐ.டி., மொழிபெயர்ப்பு, ஹெச்.ஆர். மாதிரி அவங்களுக்குப் பின்னாடி நிற்கிற அலுவலக வேலைகள். எஃப்.பி.ஐ.ல இவங்களை புரொஃபஷனல் ஸ்டாஃப்னு சொல்வாங்க. இதற்கு அமெரிக்கக் குடியுரிமை கட்டாயம். எச்-1பி விசாவில இருக்கறவங்களுக்கும் கிரீன் கார்டு மட்டும் வைத்திருக்கறவங்களுக்கும் இந்தக் கதவு திறக்காது.

80 நாள் கணக்கு எங்கே உதைக்குது?

அமெரிக்க மத்திய அரசின் பணியாளர் அலுவலகமான ஓ.பி.எம்., ஒரு பணியிடத்தை 80 நாளுக்குள்ள நிரப்பணும்னு ஒரு இலக்கு வைத்திருக்கு. நிஜத்துல அரசு முழுவதுக்குமான சராசரி சமீப வருஷங்கள்ல 100 நாள் பக்கம் இருந்திருக்கு. இதைப் பார்த்துட்டு "மூணு மாசம்தானே"னு நிறைய பேர் மனசுல முடிவு பண்ணிடறாங்க. ஆனா அந்தச் சராசரியில பூங்கா அலுவலக வேலையும் இருக்கு, விவசாயத் துறை வேலையும் இருக்கு. எஃப்.பி.ஐ.ல அலுவலக வேலைக்கே டாப் சீக்ரெட் கிளியரன்ஸ் வேணும். அதோட பாலிகிராஃப், அதாவது உண்மை கண்டறியும் சோதனையும் உண்டு. போதைப்பொருள் பரிசோதனை உண்டு. கடந்த பத்து வருஷத்துல நீங்க குடியிருந்த இடம், படிச்ச காலேஜ், பார்த்த வேலைன்னு ஒவ்வொண்ணா விசாரிப்பாங்க. பழைய மேனேஜர்கிட்டயும் பக்கத்து வீட்டுக்காரர்கிட்டயும் பேசுவாங்க.

அதனால ஆறு மாசம் ஆனாலும் ஆச்சரியப்படாதீங்க. ஒரு வருஷம் தாண்டறதும் நடக்கும். பத்து வருஷத்துல எட்டு வீடு மாறினவருக்கும் ஒரே வீட்டுல இருந்தவருக்கும் ஒரே வேகத்துல ஃபைல் நகராது. இதுக்கு நடுவுல நம்ம கையில இல்லாத விஷயங்களும் வரும். 2025 அக்டோபர் 1-லிருந்து நவம்பர் 12 வரைக்கும் பட்ஜெட் தகராறுல அமெரிக்க அரசே 43 நாள் முடங்கிக் கிடந்தது. 2018-ல அரசு முழுவதற்கும் பின்னணி விசாரணை முடியாம தேங்கின ஃபைல்கள் 7 லட்சத்தைத் தாண்டின. இந்த மாதிரி நேரத்துல உங்க ஃபைல் மட்டும் தனியா வேகமா போகும்னு நம்பக்கூடாது.

இப்ப பணக் கணக்கு. மாசச் செலவு 3,800 டாலர்னு வையுங்க. கண்டிஷனல் ஆஃபர் வந்த அன்னைக்கே வேலையை விட்டு, எட்டு மாசம் காத்திருந்தா 30,400 டாலர் கரையும். இதுல மருத்துவக் காப்பீடு சேரலை. அங்கே காப்பீடு கம்பெனியோட வர்றது. வேலையை விட்டா கோப்ரா திட்டத்துல அதையே தொடரலாம், ஆனா கம்பெனி கட்டிக்கிட்டிருந்த பங்கையும் சேர்த்து நீங்களே கட்டணும். எட்டு மாசம் கழிச்சு "மன்னிக்கவும், ஆஃபரைத் திரும்பப் பெறுகிறோம்"னு லெட்டர் வந்தா? கண்டிஷனல்ங்கிற வார்த்தைக்கு அர்த்தமே அதுதானே.

வீட்டுல பெரியவங்க "முன்கூட்டியே சொல்லிடுப்பா, அதுதான் மரியாதை"ம்பாங்க. நம்ம ஊர் ஐ.டி. கம்பெனியில 90 நாள் நோட்டீஸ் பார்த்துப் பழகின பேச்சு அது. அமெரிக்காவில் பொதுவா ரெண்டு வாரம் கொடுத்தா போதும், ஃபைனல் ஆஃபர் வந்த பிறகு அதுக்கு தாராளமா நேரம் கிடைக்கும். இன்னொண்ணு, விசாரணை அதிகாரி உங்க இப்போதைய ஆபீஸ்லயும் விசாரிப்பார். அதனால மேனேஜருக்கு விஷயம் எப்பத் தெரியவரும்னு ரெக்ரூட்டர்கிட்ட கேட்டு வைத்துக்கங்க. வேற வாய் வழியா போறதுக்கு முன்னாடி நீங்களே சொல்லிடலாம்.

அப்பாவோட ஜாயின்ட் அக்கவுண்ட்

காத்திருக்கிற நேரத்துல உங்க கையில இருக்கற ஒரே விஷயம் உங்க பேப்பர்கள்தான். எஸ்.எஃப்-86-னு ஒரு நீளமான படிவம் நிரப்பணும். அதுல பணத்துக்குன்னே தனிப் பகுதி இருக்கு. கடந்த ஏழு வருஷத்துல வரி ரிட்டர்ன் ஃபைல் பண்ணாம விட்டீங்களா, எந்தக் கடனாவது 120 நாளுக்கு மேல நிலுவையில போனதா, திவால் ஆனீங்களா, இப்படிக் கேட்டுக்கிட்டே போகும். வருமான வரி ரிட்டர்ன் தாக்கல் பண்ணாததும், அரசு உத்தரவாதம் உள்ள கல்விக்கடனைக் கட்டாம விட்டதும் எஃப்.பி.ஐ.ல நேரடியா தகுதி நீக்கத்துக்கான காரணங்கள். கடன் இருக்கறது தப்பில்ல. கடன்ல மாட்டினவனை யாரும் சுலபமா விலைக்கு வாங்கிடலாங்கிறதுதான் அவங்க பயம். வேலை போய், ஆஸ்பத்திரிச் செலவு வந்து கடன் ஏறியிருந்து, இப்ப ஒழுங்கா கட்டிக்கிட்டிருந்தா அதையும் கணக்குல எடுத்துக்கறாங்க.

நம்ம ஆளுங்க உண்மையில மாட்டற இடம் வேற. அதே படிவம் வெளிநாட்டுச் சொத்து பற்றியும் கேட்குது. உங்களுக்கோ உங்க வாழ்க்கைத்துணைக்கோ எப்பவாவது வெளிநாட்டுல பேங்க் அக்கவுண்ட், சொத்து, முதலீடு இருந்ததுண்டாங்கிற மாதிரி கேள்வி. எப்பவாவது என்பதைக் கவனிங்க. மதுரையில அப்பா தன் ஃபிக்ஸட் டெபாசிட்ல உங்க பேரையும் ஜாயின்ட்டா சேர்த்திருப்பார். "நாளைக்கு எனக்கு ஏதாவது ஆனா உனக்கு அலைச்சல் இல்லாம இருக்கட்டும்பா"னு சொல்லியிருப்பார். நீங்க அதை மறந்தே போயிருப்பீங்க. ஆனா அமெரிக்கச் சட்டத்துல அது உங்க அக்கவுண்ட்டும்தான். வெளிநாட்டு அக்கவுண்ட் எல்லாம் சேர்த்து வருஷத்துல ஒரு நாளாவது 10,000 டாலரைத் தாண்டியிருந்தா எஃப்.பி.ஏ.ஆர். தாக்கல் பண்ணணும். ஜாயின்ட் அக்கவுண்ட்டா இருந்தா பாதித் தொகை இல்ல, முழுத் தொகையும் உங்க கணக்குல வரும். கடைசித் தேதி ஏப்ரல் 15, தானா கிடைக்கிற நீட்டிப்பு அக்டோபர் 15 வரை. இது வரி ரிட்டர்ன்ல சேராது, தனியா ஆன்லைன்ல போடணும். அதோட அந்த டெபாசிட் வட்டியில உங்க பங்கை அமெரிக்க ரிட்டர்ன்லயும் காட்டணும்.

இப்ப சிக்கல் புரியுதா? எஸ்.எஃப்-86-ல அக்கவுண்ட்டை எழுதினா "எஃப்.பி.ஏ.ஆர். ஏன் போடலை"னு கேள்வி வரும். எழுதாம விட்டா, பாலிகிராஃப்ல "எதையாவது மறைச்சீங்களா"னு கேட்கும்போது நெஞ்சு அடிச்சுக்கும். ரெண்டாவது பாதையில போகவே போகாதீங்க. மறந்துபோன ஃபைலிங்கை சரி பண்ண வழி உண்டு. அந்தப் படிவத்துல தெரிஞ்சே பொய் எழுதறது அமெரிக்காவில் கிரிமினல் குற்றம். விட்டுப்போன வருஷங்களைத் தாமதமா தாக்கல் பண்ண ஐ.ஆர்.எஸ். தனி நடைமுறைகளே வைத்திருக்கு. நான் இந்திய சி.ஏ., டி.டி.எஸ். சான்றிதழ், பேங்க் ஸ்டேட்மென்ட் வரைக்கும் வழி சொல்வேன். அமெரிக்கப் பக்கத்துக்கு அங்கே உள்ள சி.பி.ஏ. கிட்டதான் போகணும். விண்ணப்பம் போடறதுக்கு முன்னாடியே போங்க, ஆஃபர் வந்த பிறகு இல்ல.

கிரெடிட் ஃப்ரீஸ் போட்டிருந்தா விசாரணை நேரத்துல எடுத்துவிடுங்க. அவங்க ரிப்போர்ட் எடுக்க முடியாம ஃபைல் அப்படியே நிக்கும். கஞ்சா உங்க மாநிலத்துல சட்டப்படி சரியா இருக்கலாம், எஃப்.பி.ஐ.க்கு அது செல்லாது. விண்ணப்பத்துக்கு முந்தைய ஒரு வருஷத்துக்குள்ள பயன்படுத்தியிருந்தா தகுதி இல்ல.

ஃபைனல் ஆஃபர் வந்துட்டா

தேதியைக் கொஞ்சம் பேசி வாங்கலாம். 401(கே)-ல கம்பெனி போட்ட பங்கு முழுசா உங்களுதாக இன்னும் ரெண்டு மாசம்தான் பாக்கின்னா, போனஸ் அடுத்த மாசம்னா, ஜாயினிங் தேதியைத் தள்ளிக் கேளுங்க. கேட்கறதுல தப்பே இல்ல. புது வேலையில பென்ஷனுக்காக அடிப்படைச் சம்பளத்துல 4.4 சதவீதம் பிடிப்பாங்க. அதனால கையில வர்ற தொகை நீங்க எதிர்பார்த்ததை விடக் குறையும். டி.எஸ்.பி. சேமிப்புல 5 சதவீதம் நீங்க போட்டா அரசும் 5 சதவீதம் போடும், அதை விடாதீங்க. அரசு மருத்துவக் காப்பீடு சேர்ந்த அன்னைக்கே ஆரம்பிக்காது, நீங்க படிவம் கொடுத்த பிறகு வர்ற அடுத்த சம்பளக் காலத்துலதான் ஆரம்பிக்கும். நடுவுல உள்ள சில வாரத்துக்கு கோப்ராவை உடனே எடுக்கணும்னு இல்ல. முடிவு பண்ண 60 நாள் அவகாசம் இருக்கு, அதுக்குள்ள உடம்புக்கு ஏதாவது வந்தா பின்தேதியிட்டு எடுத்துக்கலாம்.

எஃப்.பி.ஏ.ஆர். படிவத்துல ஜாயின்ட் அக்கவுண்ட்டை எந்தப் பகுதியில எழுதணுங்கிறதை அடுத்த வீடியோல ஸ்க்ரீன்லயே காட்டறேன். அதுக்குள்ள அப்பாவுக்கு ஒரு போன் போட்டு, உங்க பேர் எந்தெந்த பாஸ்புக்ல இருக்குன்னு கேட்டு வையுங்க.