கூலிக்குக் கைதட்டுகிறவர்கள்

அன்புள்ள தம்பி,

இணையத்தில் பாட்டைப் பரப்பித் தருகிறோம் என்கிறவர்களை நம்பலாமா என்று கேட்டிருந்தாய். கேள்வி நல்ல கேள்விதான். கூடவே ஒரு வரி சேர்த்திருந்தாயே, "10,000 ஸ்ட்ரீம் வராவிட்டால் பணம் வாபஸ் என்கிறார்கள் சார், அதனால் நம்பலாம் போலிருக்கிறது" என்று, அதுதான் எனக்கு எரிச்சல் மூட்டியது. மிக்சி வாங்கும்போது உத்தரவாத அட்டை கேட்பது புத்திசாலித்தனம். பாட்டு விஷயத்தில் உத்தரவாதம்தான் முதல் அபாய அறிகுறி.

முன்பின் தெரியாத 10,000 பேர் உன் பாட்டைக் கேட்பார்களா என்று எந்த மனிதனாலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. எண்ணிக்கையை அடித்துச் சொல்கிறவனிடம் அந்தக் காதுகள் ஏற்கெனவே விலைக்கு இருக்க வேண்டும். அவை கூலிக்குக் கேட்கும் காதுகள். பெரும்பாலும் மனிதக் காதுகளே அல்ல, தானியங்கி நிரல்கள்.

இது பழைய தொழில். நீரோ மன்னன் மேடையேறிப் பாடியபோது கைதட்டுவதற்கென்றே 5,000 இளைஞர்களுக்கு மேல் பயிற்சி கொடுத்து வைத்திருந்தான் என்று சூட்டோனியஸ் எழுதியிருக்கிறார். தேனீ, கூரை ஓடு, செங்கல் என்று கைதட்டலில் வகைகள் வேறு! பாரிஸில் 1820இல் இதற்கு ஏஜென்சியே திறந்துவிட்டார்கள். சிரிக்க ஒருவர், கைக்குட்டையோடு அழ ஒருவர், 'இன்னொரு முறை' என்று கூவ ஒருவர். இசையமைப்பாளர் பெர்லியோஸ் 1852இல் வெளியிட்ட புத்தகம் ஒன்றில் இவர்களைப் பற்றிச் சிரிக்கச் சிரிக்க எழுதியிருக்கிறார். தேடிப் படி, உன் வயதில் படிக்க வேண்டிய புத்தகம். இப்படி ஒரு கூட்டத்துக்குத் தலைவர் அகுஸ்த் லெவாசர். பாரிஸ் ஓபராவில் 1830களில் அவர் வைத்ததுதான் சட்டம். ஒத்திகைக்கே போய் உட்கார்ந்துவிடுவார். எந்த இடத்தில் எவ்வளவு தட்டுவது என்று ஓபரா இயக்குநர் வெரோனோடு பேசி முடிவு செய்வார்.

கவனித்தாயா? அகுஸ்த் கூலி வாங்கினார். ஆனால் பாட்டைக் கேட்டார். உனக்கு ஸ்ட்ரீம் விற்க வருகிறவனுக்கு உன் பாட்டு எந்த மொழி என்றுகூடத் தெரியாது. இந்த ஒரு விஷயத்தில் நாம் முன்னேறவில்லை, இறங்கியிருக்கிறோம் என்பது என் கட்சி.

கூலிக் கைதட்டல் ரசனையைத்தான் கெடுத்தது. போலி ஸ்ட்ரீம் அடுத்தவன் பணத்தில் கை வைக்கிறது. ஸ்பாட்டிஃபையில் ராயல்டி ஒரு பொதுத் தொகையிலிருந்து ஸ்ட்ரீம் விகிதப்படி பிரிகிறது. நிரல் கேட்ட ஒவ்வொரு முறையும் உண்மையாகக் கேட்கப்பட்ட வேறொரு கலைஞனின் பங்கு குறைகிறது. செயற்கை நுண்ணறிவு செய்த பாட்டுகளை நிரல்களை வைத்தே ஓடவிட்டு ஒரு கோடி டாலருக்கு மேல் ராயல்டி சுருட்டினார் என்று 2024 செப்டம்பரில் அமெரிக்காவில் ஒருவர்மீது குற்ற வழக்கே போட்டார்கள்.

உனக்கு வரும் கேட்டையும் சொல்கிறேன். 12 மாதத்தில் 1,000 ஸ்ட்ரீம் தொடாத பாட்டுக்கு ஸ்பாட்டிஃபை 2024 முதல் ராயல்டி தருவதில்லை. உன்னைப் போன்றவர்கள் ஆசையில் விழுவது இதனால்தான். ஆனால் அப்பட்டமான போலி ஸ்ட்ரீம் பிடிபட்டால் பாட்டுக்கு இவ்வளவு என்று, பாட்டை அங்கே ஏற்றித் தரும் டிஸ்ட்ரிபியூட்டரிடம் அபராதம் வாங்குவதும் அதே ஆண்டு தொடங்கியது. அது உன் தலையில் வந்து விடியும், பாட்டே நீக்கப்படலாம். விற்றவன் அடுத்த ஆளைத் தேடிப் போய்விடுவான்.

எப்படித் தெரிந்துகொள்வது? அவர்கள் காட்டும் பிளேலிஸ்ட்டைத் திறந்து பார். ஒரு தமிழ்ப் பாட்டுக்குப் பக்கத்தில் மொழியும் வகையும் ஒட்டாத முப்பது பாட்டுகள் வரிசையாக இருந்தால், அதை மனிதர் யாரும் கேட்கவில்லை. அவர்களுடைய பழைய வாடிக்கையாளரின் பக்கத்துக்குப் போ. ஸ்ட்ரீம் மலைபோல் இருக்க, ஃபாலோயர் விரல்விட்டு எண்ணும்படி இருந்தால் விஷயம் புரிந்துவிடும். முடிந்தால் அந்தக் கலைஞருக்கே எழுதிக் கேள். பாராட்டுக் கடிதங்களை நம்பாதே. உன் கணக்கில் எந்த ஊர்க்காரர்கள் கேட்கிறார்கள் என்று தெரியும். மதுரையில் பத்துப் பேர்கூடக் கேட்காத பாட்டை ஹெல்சிங்கியில் ஒரே இரவில் ஆயிரம் பேர் கேட்டால் பெருமைப்படாதே, பயப்படு. கடவுச்சொல் கேட்கிறவனிடம் பேச்சே வேண்டாம்.

பணம் வாங்குகிற எல்லோரும் திருடர்கள் என்று சொல்லவில்லை. 2015இல் தொடங்கிய சப்மிட்ஹப் போன்ற இடங்களில் நீ கொடுப்பது ஒருவர் உன் பாட்டைக் கேட்டுப் பதில் சொல்வதற்கான கூலி. பிடிக்கவில்லை என்றும் பதில் வரும், அடிக்கடி வரும். அந்த 'பிடிக்கவில்லை'யில்தான் நேர்மை இருக்கிறது. ஸ்பாட்டிஃபையின் சொந்த ஆசிரியர் குழுவுக்குப் பாட்டை அனுப்புவது இலவசம். வெளியீட்டுக்கு ஏழு நாளாவது முன்னால் அனுப்பிவிடு. காசு கொடுத்தால் அங்கே இடம் பிடித்துத் தருகிறேன் என்கிறவன் பொய்யன்.

முயற்சிக்குக் கூலி கேட்கிறவனோடு பேசு. முடிவையே விற்கிறவனை அனுப்பிவிடு. எடுத்து வைத்திருக்கும் பணத்தில் மிக்ஸிங்கை இன்னொரு முறை செய். இரண்டாம் சரணத்தில் மிருதங்கம் உன் குரலை விழுங்குகிறது.

அன்புடன்,
உன் ஆசிரியன்