டி.டி.எஸ். மீட்டர் வெள்ளியை அளக்குமா?

கேள்வி: வெள்ளிக் கம்பியும் பேட்டரியும் வைத்து வீட்டிலேயே கூழ்ம வெள்ளி நீர் தயாரிக்கிறேன். அதன் அடர்த்தியை அறிய, குடிநீர் சோதிக்கும் டி.டி.எஸ். மீட்டர் போதுமா?

பதில்: உத்தேசமாகத்தான் தெரியும். அந்த மீட்டர் வெள்ளியை அளப்பதில்லை. நீர் எவ்வளவு மின்சாரம் கடத்துகிறது என்று பார்த்து, அதை உப்புகளுக்கு உரிய 0.5 அல்லது 0.7 போன்ற எண்ணால் பெருக்கி, பி.பி.எம். என்று காட்டுகிறது. அதைவிட, கடத்துதிறனை மைக்ரோசீமென்ஸில் நேரடியாகக் காட்டும் ஈ.சி. மீட்டர் மேல். 0.1 மைக்ரோசீமென்ஸ் வரை நுட்பமாகக் காட்டுவதாகவும், வெப்பநிலைக்கேற்பத் தானே திருத்திக்கொள்வதாகவும் பார்த்து வாங்குங்கள். தயாரிக்கும் முன் காய்ச்சி வடித்த நீரை அளந்து, கடைசி அளவிலிருந்து அதைக் கழியுங்கள்.

அப்போதும் தெரிவது அயனியாகக் கரைந்த வெள்ளி மட்டுமே. நீருக்கு மஞ்சள் நிறம் தரும் நுண்துகள்கள் மீட்டரில் சிக்காது. மொத்த வெள்ளியை அறிய, ஆய்வகத்தில் அணு உறிஞ்சல் நிறமாலை போன்ற சோதனைதான் வழி.

குடிப்பதற்காக என்றால், தயவுசெய்து வேண்டாம். கூழ்ம வெள்ளி கலந்த, மருத்துவர் சீட்டில்லாமல் விற்கும் மருந்துகள் பாதுகாப்பானவையாகவோ பலன் தருபவையாகவோ ஏற்கப்படவில்லை என்று அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகமான எஃப்.டி.ஏ. 1999-இல் அறிவித்தது. உடலில் வெள்ளி சேர்ந்தால் தோல் நீலச் சாம்பல் நிறமாகும். பெரும்பாலும் அது மாறவே மாறாது. எந்த மீட்டரும் இந்த நீரைக் குடிக்கத் தகுந்ததாக்காது.