வாசலில் வந்து நிற்கும் பொய்

அடுத்தவர் முகவரியைச் சொல்லி, அங்கே கொலை போன்ற பெருங்குற்றம் நடந்திருப்பதாகப் போலீசுக்குப் பொய்த்தகவல் கொடுத்து, ஆயுதப் படையை அந்த வீட்டு வாசலுக்கே வரவழைப்பதற்கு அமெரிக்காவில் ‘ஸ்வாட்டிங்’ என்று பெயர்.

நம்பிக்கை: வீடியோ கேமில் சண்டை போடும் பையன்களுக்குத்தான் இந்தத் தொல்லை.

உண்மை: 2017 டிசம்பர் 28, கேன்சஸ் மாநிலத்தின் விச்சிட்டா நகரம். ஒன்றரை டாலர் பந்தயம் கட்டி ‘கால் ஆஃப் டூட்டி’ ஆடிய இருவருக்குள் தகராறு. ஒருவர், தான் எப்போதோ குடியிருந்த முகவரியைக் கொடுத்துச் சவால் விட்டார். மற்றவர் ஏவிவிட, லாஸ் ஏஞ்சலஸில் இருந்த மூன்றாவது ஆள், “அப்பாவைச் சுட்டுவிட்டேன்” என்று அந்த முகவரியைச் சொல்லிப் போன் செய்தார். அந்த வீட்டில் இருந்தவரோ கேமும் அறியாதவர், சண்டையும் அறியாதவர். வெளியே வெளிச்சம் தெரியவே கதவைத் திறந்தார். உயர்த்திய கை சற்றுக் கீழே இறங்கியது. தெருவின் எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரே ஒரு குண்டு. இறந்தவருக்கு வயது 28, இரண்டு குழந்தைகளுக்குத் தகப்பன். போன் செய்தவருக்கு 2019இல் 20 ஆண்டு சிறை. போன உயிர் போனதுதான்.

நம்பிக்கை: எங்கிருந்து பேசுகிறார்கள் என்று அவசர உதவி எண்ணான 911இன் ஊழியருக்குத் தெரிந்துவிடும்.

உண்மை: விச்சிட்டாவில் அந்த அழைப்பு 911க்கு நேராக வரவேயில்லை. நகர அலுவலகத்துக்கு வந்து, அங்கிருந்து மாற்றிவிடப்பட்டது.

நம்பிக்கை: வாசலில் கேமரா இருக்கிறது, பயமில்லை.

உண்மை: பல கணக்குகளுக்கு ஒரே பாஸ்வேர்டு வைத்திருந்தால் அந்தக் கேமராவே எதிரியின் கண்ணாகிவிடும். பொய்த்தகவல் கொடுத்துவிட்டு, வந்த போலீசாரைக் கேமரா வழியாகவே பார்த்துப் பேசியவர்கள் உண்டு என்று 2020இல் எஃப்.பி.ஐ. எச்சரித்தது. கேமராவுக்கென்று தனிப் பாஸ்வேர்டு வையுங்கள், இரண்டடுக்குச் சரிபார்ப்பையும் போடுங்கள்.

நம்பிக்கை: நடப்பதற்கு முன்பே போலீசிடம் சொல்லி என்ன பயன்?

உண்மை: மிரட்டல் வந்திருந்தால் அவசரமற்ற எண்ணில் கூப்பிட்டு முகவரியோடு சொல்லி வையுங்கள். சியாட்டில் போலீஸ் 2018இல் இதற்கென்றே முன்கூட்டிப் பதிந்து வைக்கும் வசதியைத் தொடங்கியது.

நம்பிக்கை: போலீஸ் வந்ததும் ஓடிப்போய் விளக்கினால் புரிந்துகொள்வார்கள்.

உண்மை: ஓடாதீர்கள். இதை நான் கெஞ்சியே கேட்கிறேன். வந்திருப்பவர்கள் உங்களைக் கொலைகாரர் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். முடிந்தால் உள்ளிருந்தே 911க்குப் பேசி, நீங்கள் யார், வீட்டில் எத்தனை பேர் என்று சொல்லுங்கள். வெளியே வரச் சொன்னால் போனையும் கீழே வைத்துவிட்டு, விரல்களை விரித்து, கைகளை உயர்த்தியபடி மெதுவாக வாருங்கள். சட்டையை இழுத்துவிடக்கூடக் கையை இறக்காதீர்கள். ஊரிலிருந்து வந்து தங்கியிருக்கும் அம்மா அப்பாவுக்கு அந்த அதட்டல் ஆங்கிலம் புரியாமல் போகலாம். இன்றைக்கே கூடத்தில் நின்று, கையை எப்படித் தூக்குவது என்று அவர்களுக்குச் செய்து காட்டுங்கள்.